ஜாகுவார் டைப் 00: நிறத்தைத் திட்டியது போதும், காரைப் பார்ப்போம்

#1 கொட்டாஞ்சேனைவாசி

2024 டிசம்பர் தொடக்கத்தில் மியாமியில் ஜாகுவார் காட்டிய டைப் 00 என்ற மின்சார மாதிரிக் காரை (விற்பனைக்கு முன் யோசனையைக் காட்டச் செய்த கொன்செப்ட் கார்) பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. அதற்கு இரண்டு கிழமைக்கு முன் கார் ஒன்றுமே தெரியாத 30 விநாடி விளம்பரம் ஒன்றை விட்டார்கள். அதற்குக் கீழே எலோன் மஸ்க் "நீங்கள் கார் விற்கிறீர்களா?" என்று கேட்டார். கார் வருவதற்கு முன்னரே ஆட்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டார்கள்.

நம்மவர்கள் எழுதியதையும் வெளியார் எழுதியதையும் வாசித்தால் மூன்று குறைதான் திரும்பத் திரும்ப வருகிறது: இளஞ்சிவப்பு நிறம், புதிய எழுத்துச் சின்னம், பின்கண்ணாடி (பின்பக்க ஜன்னல்) இல்லாதது. இதில் மூன்றாவது மட்டுமே காரைப் பற்றியது. நிறத்தைப் பற்றிக் கதைக்கிறவர்களுக்கு ஒன்று: அதே இரவில் நீல நிறத்திலும் ஒன்று நின்றது. 1960களின் ஈ-டைப் கார்களில் இருந்த வெள்ளி கலந்த நீலத்தை நினைத்து அடித்தது அது. அந்தப் படத்தை யாரும் பகிரவில்லை.

இந்த இழையில் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். இந்தக் காரில் எது றோட்டுக்கு வரும், எது வராது, வந்தால் கொழும்பில் என்ன பாடு படும் என்று சொல்லுங்கள். விலை, வரிக் கதைக்கு வேறு இழை இருக்கிறது.

#2 பழைய ஈடைப்

எனக்கு அந்த முன்பக்கம் பிடிக்கவில்லை. சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் பக்கவாட்டில் பார்த்தால் இதை ஜாகுவார் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். நீண்ட பொனட், பின்னுக்குத் தள்ளிய கூரை, பெரிய சில்லு. 1961இல் வந்த ஈ-டைப்பின் அளவுவிகிதமும் இதுதானே. மின்சாரக் கார் என்றால் பொனட்டைக் குறுக்கி, கண்ணாடியை முன்னுக்கு இழுத்து, எல்லோரும் ஒரே சவர்க்காரக் கட்டியைத்தான் செய்கிறார்கள். இவர்கள் அதைச் செய்யவில்லை. அந்தத் துணிவை மதிக்கிறேன்.

மற்றது, கம்பனி 2008இல் இருந்து டாட்டாவின் கையில். இங்கே தெருவுக்குத் தெரு ஓடுகிற டிமோ பட்டாவும் (டாட்டாவின் சின்ன லொறி) இந்தக் காரும் ஒரே முதலாளியின் பிள்ளைகள் என்பதை மறந்துவிட்டுத்தான் ஆட்கள் "இங்கிலாந்துக் கௌரவம் போச்சு" என்று அழுகிறார்கள்.

#3 வரைபலகை

ஐயா சொன்ன அளவுவிகிதத்தில் இருந்தே தொடங்கலாம். மாதிரிக் காரைப் பார்க்கும்போது கதவு, விளக்கு, ஆசனத் துணி மூன்றையும் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பது சில்லுகளுக்கு இடைப்பட்ட நீளம், முன்சில்லின் மையத்துக்கும் கதவின் முன்விளிம்புக்கும் இடையிலான தூரம், கூரை உயரம், இருக்கையின் உயரம். இவற்றைத் தீர்மானிப்பது கீழேயுள்ள தளம். அதை மாற்றக் கோடிக்கணக்கில் செலவாகும், ஆகவே அது பெரும்பாலும் அப்படியே வரும். மற்றதெல்லாம் மேடைக்கு.

இதற்கு ஜாகுவாரே நல்ல சாட்சி. 2016 நவம்பரில் லொஸ் ஏஞ்சலிஸில் ஐ-பேஸ் என்ற மின்சாரக் காரின் மாதிரியைக் காட்டினார்கள். 2018 மார்ச்சில் விற்பனைக் கார் வந்தது. சில்லிடை நீளம் இரண்டிலும் 2,990 மிமீ. முழு நீளம் 4,680 மிமீ இருந்து 4,682 மிமீ ஆனது, அவ்வளவுதான். 90 கிலோவாட் மணி பற்றரியும் அப்படியே. மாறியது எது? மாதிரியில் 23 அங்குலச் சில்லு. விற்பனைக்கு வந்தபோது 18 இல் இருந்து 22 வரை.

எதிர்ச் சாட்சியும் உண்டு. போர்ஷே மிஷன் ஈ, 2015 பிராங்பர்ட். நடுத் தூணே இல்லை, பின்கதவு பின்பக்கம் கீல் வைத்துத் திறக்கும், கண்ணாடிக்குப் பதில் கமரா. 2019இல் டைக்கான் ஆக வந்தபோது நடுத் தூண் வந்துவிட்டது, கதவு சாதாரணக் கதவு, பக்கக் கண்ணாடியும் திரும்பி வந்தது. பக்கவாட்டில் மோதும் பரிசோதனையில் நடுத் தூண்தான் அடியை வாங்கிக் கூரைக்கும் தளத்துக்கும் கடத்துகிறது. தூண் இல்லாமலும் செய்யலாம், ஆனால் அந்தப் பலத்தைக் கதவுக்குள்ளும் தளத்திலும் போட வேண்டும். நிறை கூடும், கதவு தடிக்கும்.

அதனால் டைப் 00இன் மேல்நோக்கித் திறக்கும் இரண்டு கதவும் வராது. அவர்களே விற்பனைக் கார் நான்கு கதவு ஜிடி (நெடும்பயணச் சொகுசுக் கார்) என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே நடுவில் ஓடுகிற 3.2 மீட்டர் பித்தளைத் தண்டும் கல் பீடமும் அந்த நீளத்தில் வர வாய்ப்பில்லை. மோதலில் முழங்காலுக்கு எதிரே பித்தளை இருக்க விடமாட்டார்கள்.

முன்பக்கச் சுவர் பற்றி: பாதசாரியின் தலை பொனட்டில் மோதினால் தகடு நசிய இடம் வேண்டும். அந்தத் தகட்டுக்குக் கீழே உடனே கடினமான பாகம் எதுவும் இருக்கக் கூடாது. எஞ்சின் இல்லாத காரில் இந்த இடைவெளி சுலபமாகக் கிடைக்கும், அதனால்தான் தட்டையான பொனட்டைத் துணிந்து வரைய முடிகிறது. பொனட்டின் முன்விளிம்பு அவ்வளவு கூராக வராது. மென்மையாக வளைத்துவிடுவார்கள்.

#4 தெஹிவளை 10

> "மற்றதெல்லாம் மேடைக்கு"

அப்படியென்றால் பொதுமக்களின் கருத்துக்கு மதிப்பே இல்லையா அண்ணா? காட்டுவதே கருத்துக் கேட்கத்தானே.

#5 வரைபலகை

மதிப்பு இருக்கிறது தம்பி, ஆனால் கைதட்டலை விற்பனை என்று எடுக்கக் கூடாது. 2017இல் ஹொண்டா அர்பன் ஈவி மாதிரியைக் காட்டியபோது திட்டியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எல்லோருக்கும் பிடித்தது. பிறகு ஹொண்டா ஈ வந்தது. 35.5 கிலோவாட் மணி பற்றரி, ஒரு சார்ஜுக்கு ஏறக்குறைய 220 கிமீ, விலையோ பெரிய பற்றரிக் கார்களின் விலை. ஐரோப்பாவில் 2024இல் நிறுத்திவிட்டார்கள். முகத்தை நேசித்தவர்கள் பற்றரி எண்ணைப் பார்த்ததும் போய்விட்டார்கள். டைப் 00இன் கதை இதற்கு மறுபக்கமாகவும் போகலாம்.

#6 மருதானை கராஜ்

சில்லைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் கொழும்பில் இப்படிப்பட்ட காரில் முதலில் உடையப் போவது அதுதான்.

டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது அகலத்தை விகிதத்தால் பெருக்கியது. 235/65 R18 என்றால் அகலம் 235 மிமீ, விகிதம் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம். ஐ-பேஸ் காரையே எடுங்கள்:

235/65 R18: 153 மிமீ
245/50 R20: 122 மிமீ
255/40 R22: 102 மிமீ

வெளிவிட்டம் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 75, 76 சென்டிமீட்டர். ரிம் பெருக்கும்போது ரப்பரைத்தான் குறைக்கிறோம். 23க்குப் போனால் 90 மிமீக்கே வந்துவிடும். மின்சாரக் கார் நிறையும் கூட, ஐ-பேஸே 2 தொன்னுக்கு மேல். அந்த நிறையோடு மழை நீர் மூடிய குழியில் விழுந்தால், குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பக்கச்சுவர் நசிந்து உள்ளேயுள்ள நூல் அறுந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்கும். வீங்கிய டயருக்கு ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ரிம்மில் பார்க்க வேண்டியது உட்பக்க உதடு. வெளிப்பக்கம் பளபளவென்று இருக்கும், உட்பக்கம் மயிரிழை வெடிப்பு. காற்று நாளுக்கு 2, 3 பிஎஸ்ஐ இறங்குகிறது, பஞ்சரும் இல்லை, வால்வும் சரி என்றால் சில்லைக் கழற்றி உட்பக்கம் சவர்க்கார நீர் தெளித்துச் சுற்றிப் பாருங்கள். வெடித்த அலுமினிய ரிம்மை உருக்கி ஒட்டிக் கொடுப்பவர்கள் பஞ்சிகாவத்தைப் பக்கம் இருக்கிறார்கள். வளைவு எடுப்பது ஒரு அளவுக்குச் சரி, வெடித்ததை ஒட்டி 2 தொன் காருக்குப் போடாதீர்கள். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் பதம் போய்விடும், பிறகு ஒட்டுக்குப் பக்கத்திலேயே வெடிக்கும்.

இந்தக் கார் எப்போதாவது இங்கே வந்தால் கிடைக்கிற மிகச் சிறிய ரிம்மைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் கலிப்பர் இடிக்காத அளவு எது என்று கம்பனிப் புத்தகத்தில் இருக்கும்.

#7 கொட்டாஞ்சேனைவாசி

நானா, நன்றி. பின்கண்ணாடி விஷயத்துக்கு வாருங்கள். இதில்தான் சாதாரண ஆட்களின் பயம் நியாயமானது என்று நினைக்கிறேன்.

#8 வரைபலகை

பின்கண்ணாடி இல்லாத கார் புதிது இல்லை. போல்ஸ்டார் 4, 2023இல் ஷங்ஹாயில் காட்டினார்கள், அது றோட்டிலேயே ஓடுகிறது. கூரையின் பின்புறம் ஒரு கமரா, உள்ளே கண்ணாடி இருக்கும் இடத்தில் திரை. சரக்கு வான் ஓட்டுகிறவர்கள் பின்கண்ணாடி இல்லாமல், பக்கக் கண்ணாடிகளை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். டைப் 00இல் பக்கக் கமராக்களையும் முன் மட்கார்டுக்குப் பின்னால் உள்ள பித்தளைப் பட்டைக்குள் மறைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது திறக்கும். அந்த மூடித்திறக்கும் பகுதி விற்பனைக்கு வரும் என்று நான் நம்பவில்லை. மணலும் உப்பும் போய் இறுகினால் கண்ணாடியே இல்லாத காராகிவிடும்.

#9 பழைய ஈடைப்

எனக்கு வயது எழுபதுக்குக் கிட்ட. திரை எனக்கு ஒத்துவராது. இது பிடிவாதம் இல்லை, கண்ணின் வேலை. சாதாரணக் கண்ணாடியில் பின்னால் 30 மீட்டரில் வரும் பஸ் தெரியும்போது கண் அந்தத் தூரத்துக்கே குவிகிறது, றோட்டைப் பார்த்த குவிப்பை மாற்றத் தேவையில்லை. திரை முகத்தில் இருந்து 60, 70 சென்டிமீட்டரில். ஒவ்வொரு முறையும் தூரத்தில் இருந்து கிட்டத்துக்குக் குவித்துத் திரும்ப வேண்டும். நாற்பத்தைந்து தாண்டிய கண்ணுக்கு அது மெதுவாகும். வாசிப்புக் கண்ணாடி போடுகிறவருக்கு திரை மங்கலாகவே தெரியும். காலி வீதியில் மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் நெளிந்து வரும்போது அந்த அரை விநாடி பெரிய விஷயம்.

#10 வரைபலகை

ஐயா சொன்னது முழுக்கச் சரி. வடிவமைப்பாளர்கள் இதை வெளியில் கதைப்பதே இல்லை. இரண்டு குவிவுள்ள கண்ணாடி அணிகிறவர்களுக்கு திரை இருக்கும் உயரமும் பிரச்சினை. மேலே இருந்தால் தூரப் பார்வைப் பகுதியால் பார்க்க நேரிடும், கிட்டத் தெரியாது. திரையைக் கீழே, டாஷ்போர்ட் உயரத்தில் வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

மழைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வில்லையில் ஒரு துளி விழுந்தாலே படத்தில் பாதி போய்விடும். பெரிய கண்ணாடியில் நூறு துளி விழுந்தாலும் இடைவெளியால் பார்க்கலாம். கமராவை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பின்புற இலக்கத்தகட்டுக்கு மேல் வைத்தால் சில்லு எறிகிற சேற்று நீர் சுழன்று நேரே அங்குதான் படியும். கூரையில் உள்ளே தள்ளி வைத்தால் நெடுநேரம் சுத்தமாக இருக்கும். வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி: வில்லைக்குச் சூடாக்கி இருக்கிறதா, கழுவும் நீர்க் குழாய் இருக்கிறதா?

#11 தெஹிவளை 10

சார்ஜ் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. 770 கிமீ என்கிறார்கள், 15 நிமிடத்தில் 321 கிமீ என்கிறார்கள். உண்மையா?

#12 அம்பியர்

முதலில் தூரம். ஜாகுவார் சொன்ன இலக்கு ஐரோப்பாவில் பயன்படும் டபிள்யூஎல்டிபி சோதனை முறையில் 770 கிமீ வரை, அமெரிக்க ஈபிஏ முறையில் 430 மைல், அதாவது 692 கிமீ. ஒரே காருக்குத்தான் இரண்டு எண்ணும். எப்போதும் சின்ன எண்ணை எடுங்கள், அதிலும் அதிவேகப் பாதையில் 100இல் ஏசியோடு போனால் இன்னும் குறையும் என்று வையுங்கள். நகர நெரிசலில் மின்சாரக் கார் அவ்வளவு மோசம் இல்லை, பிரேக்கில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். நின்ற இடத்தில் நிற்கும்போது மட்டும் ஏசி தனியாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது 15 நிமிடக் கணக்கு. இவ்வளவு பெரிய கார் 100 கிமீக்கு 20 கிலோவாட் மணி எடுக்கும் என்று வைப்போம். 321 கிமீக்கு 64. கால் மணி நேரத்தில் 64 போக வேண்டுமானால் சராசரியாக 257 கிலோவாட். 400 வோல்ட் பற்றரியில் அது 640 ஆம்பியர். வழக்கமான சிசிஎஸ் 2 (வேக டிசி சார்ஜ் செருகி) கேபிள் 500க்கு மேல் தாங்காது. 800 வோல்ட் என்றால் 320 ஆம்பியர், செய்யலாம். ஆகவே 800 வோல்ட் பக்கம் போகாமல் இந்த வாக்குறுதியைக் காப்பாற்ற வழியில்லை.

வாக்குறுதி எப்படிச் சுருங்கும் என்பதற்கும் மிஷன் ஈதான் பாடம். மாதிரியில் "15 நிமிடம் சொச்சத்தில் 80 சதவீதம்" என்றார்கள். 2019 டைக்கான் 5 இல் இருந்து 80க்கு 22.5 நிமிடம் எடுத்தது. 2024 புதுப்பிப்பில்தான் 10 இல் இருந்து 80க்கு 18 நிமிடமாகியது. மாதிரி வந்து ஒன்பது வருடம்.

கொழும்பில் 60 கிலோவாட் சார்ஜரில் செருகினால் அந்த 64 கிலோவாட் மணிக்கு ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். அதைவிட முக்கியமானது வோல்ட். பழைய டிசி சார்ஜர்களின் தகட்டில் அதிகபட்சம் 500 வோல்ட் என்று இருக்கும். 800 வோல்ட் பற்றரியை அது நேரடியாக நிரப்ப முடியாது, காருக்குள்ளேயே வோல்டை உயர்த்தும் கருவி இருந்தால்தான் முடியும். டைக்கானில் அதற்கு 50 கிலோவாட் கருவி இருந்தது, மேலதிகப் பணத்துக்கு 150. இதை யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள். இங்கே லீஃப் கார்களுக்காக வந்த சேடமோ செருகி இதற்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கதை வேறு, நல்ல கதை. ஒற்றைக் கட்டம் 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தமே 6.9 கிலோவாட். 32 ஆம்பியர் பெட்டியை வாங்கி முழு வேகத்தில் விட்டால் ஏசியும் சூடுநீரும் சேரும்போது பிரதான பிரேக்கர் விழும். பெட்டியின் உள்ளே ஆம்பியர் அளவை 16க்கு இறக்கி வையுங்கள். 3.7 கிலோவாட். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை ஏழு மணி நேரம், 10 சதவீதம் இழப்புப் போக பற்றரிக்குள் 23 கிலோவாட் மணி. இந்தப் பெரிய காருக்கே 115 கிமீ. நாளுக்கு 40 கிமீ ஓடுகிறவருக்கு அது தாராளம். நேரவாரிக் கட்டண மீட்டர் உள்ளவர்களுக்கு அந்த ஏழு மணி நேரம்தான் மலிவு நேரமும்.

வயரிங் செய்கிறவரிடம் சொல்ல வேண்டியது:

மீட்டர் பெட்டியில் இருந்து தனி வயர், 6 சதுர மிமீ. தூரம் 30 மீட்டர் தாண்டினால் 10. வேறு எந்தப் பிளக்கும் அதில் தொங்கக் கூடாது.

30 மில்லிஆம்பியர் கசிவுப் பிரேக்கர், வீட்டில் வழக்கமாக இருக்கும் ஏசி வகை (மாறுமின் கசிவை மட்டும் உணர்வது) வேண்டாம். காரில் இருந்து டிசி கசிந்தால் அது குருடாகிவிடும், உண்மையான கசிவு வந்தாலும் விழாது. பெட்டிக்குள் 6 மில்லிஆம்பியர் டிசி உணரி இருந்தால் ஏ வகை போதும், இல்லாவிட்டால் பி வகை.

நிலத்தொடுப்புத் தண்டின் தடையை அளந்து காட்டச் சொல்லுங்கள், 10 ஓமுக்குக் கீழே. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோர வீடுகளில் தண்டின் கவ்வியை உப்பு தின்றிருக்கும். பார்க்கப் பச்சை பூத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

13 ஆம்பியர் சதுரப் பிளக்கில் இரவு முழுக்க 13 இழுக்காதீர்கள். அது கேத்தலுக்குச் செய்தது. அவசரத்துக்கென்றால் 10க்கு இறக்கி, ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் முகத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பித்தளை நாக்கு தளர்ந்துவிட்டது.

#13 கொட்டாஞ்சேனைவாசி

இந்தப் பதிவை யாராவது மேலே ஒட்டி வையுங்கள். அம்பியர் அண்ணா, வெள்ளம்? கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் 2016 மே மறக்க முடியாதது. இவ்வளவு தாழ்வாக வரைந்த காரின் அடியில்தானே பற்றரி.

#14 அம்பியர்

பற்றரிப் பெட்டிகள் பொதுவாக ஐபி67 தரம். 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்பது அதன் பொருள், அதுவும் புதிதாக, இறப்பர் விளிம்பு நல்ல நிலையில் இருக்கும்போது. ஒரு இரவு முழுக்க நின்ற வெள்ளத்துக்கு அந்தத் தரம் பேசவில்லை.

நீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணவும் வேண்டாம், சார்ஜில் போடவும் வேண்டாம். எட்டக்கூடியதாக இருந்தால் 12 வோல்ட் பற்றரியின் மறைமுனையைக் கழற்றி, வீட்டுச் சுவரில் இருந்து தள்ளித் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். பயிற்சி பெற்றவர் உயர்மின் துண்டிப்பானை எடுத்த பிறகு காப்புத் தடையை அளப்பார். டிசி பக்கத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு வோல்டுக்கு 100 ஓம், அதாவது 800 வோல்டுக்கு 80 கிலோஓம். அது சட்ட அடிமட்டம். நல்ல பற்றரி மெகாஓம் கணக்கில் காட்டும். 300 கிலோஓம் காட்டி "பாஸ்" என்று சொன்னால் விடாதீர்கள், ஒரு கிழமை கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இறங்கிக்கொண்டு போனால் உள்ளே ஈரம் இருக்கிறது.

#15 தெஹிவளை 10

எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவில் சாதாரண செடானே அடி உரசுகிறது. டைப் 00 மாதிரி நீளமான கார் இறங்குமா?

#16 மருதானை கராஜ்

கணக்குப் போடலாம் தம்பி. உரசுவது நீளத்தால் அல்ல, சில்லிடை நீளத்தாலும் நில இடைவெளியாலும். இரண்டு மடங்கு இடைவெளியைச் சில்லிடை நீளத்தால் வகுத்து, அதன் கோணத்தை (கல்குலேட்டரில் tan⁻¹) எடுத்து இரட்டிப்பாக்குங்கள். அடி உரசாமல் கடக்கக்கூடிய முறிவுக் கோணம் அதுதான்.

2.7 மீட்டர், 150 மிமீ என்றால் 12.7 பாகை. சில்லிடை 3 மீட்டர், இடைவெளி 130 மிமீ என்ற ஒரு பெரிய தாழ்வான காருக்கு 9.9 பாகை. நான்கு பேர் ஏறி 25 மிமீ இறங்கினால் அதுவே 8 பாகை. ஆறுக்கு ஒன்று சரிவு (6 மீட்டர் போனால் 1 மீட்டர் இறக்கம்) 9.5 பாகை. தனியே ஓட்டும்போது மயிரிழையில் தப்பும், குடும்பத்தோடு வந்தால் மேல்விளிம்பில் இடிக்கும். எட்டுக்கு ஒன்று சரிவு, 7.1 பாகை, சமாளிக்கலாம்.

பெற்றோல் காரில் உரசினால் சைலன்சர் போகும். இதில் உரசுவது பற்றரியின் அடித்தகடு. கீறல் மட்டும் என்றால் துரு மருந்து அடித்து விடலாம். தகடு உட்குழிந்திருந்தால் நேர்ச்சட்டம் ஒன்றைக் குறுக்கே பிடித்து ஆழத்தை அளவுங்கள், கம்பனிப் புத்தகத்தில் எத்தனை மிமீ வரை விடலாம் என்று இருக்கும். பல கார்களில் அதற்கு மேலே உடனே குளிர்நீர்த் தகடு. அது நசிந்தால் நீரோட்டம் தடைப்பட்டு ஒரு பகுதி மட்டும் சூடாகும், சார்ஜ் வேகம் காரணம் தெரியாமல் குறையும்.

உங்கள் சரிவை முதலில் அளந்து பாருங்கள். 1 மீட்டர் நேர்ச்சட்டத்தை மட்டம் வைத்துச் சரிவில் பிடித்து, கீழ்முனையில் நிலத்துக்கு உள்ள உயரத்தை எடுங்கள். 125 மிமீ என்றால் எட்டுக்கு ஒன்று, 167 என்றால் ஆறுக்கு ஒன்று.

#17 தெஹிவளை 10

இப்போதே இறங்கி அளந்தேன் நானா. 165.

#18 மருதானை கராஜ்

அப்போ ஆறுக்கு ஒன்று. நிர்வாகக் குழுவிடம் மேல்விளிம்பில் 3 மீட்டர் நீளத்துக்குப் பாதிச் சரிவு, அதாவது பன்னிரண்டுக்கு ஒன்று, போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரே முறிவு இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் 5 பாகைக்குள் வந்துவிடும். அந்த அளவு இறக்கத்தைக் கீழே ஈடுசெய்ய வேண்டும், ஆகவே சரிவு மொத்தமாக ஒன்றரை மீட்டர் நீளும். கீழே தூண் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். கீழ்முனையிலும் முறிவு இருக்கிறது, அங்கே இடிப்பது முன் பம்பர், அதற்கும் கொஞ்சம் பாதிச் சரிவு வேண்டும்.